கம்பில் விளையும் காவற் குளவிகள்



குளவி என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அதன் கொடுக்கு. அடுத்தபடியாக நினைவுக்கு வருவது, பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த ஒரு செய்தி. குளவியானது பச்சைப் புழு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, தான் கட்டிய மண்கூட்டினுள் வைத்து, அதனைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஒரு குளவியாக மாற்றிவிடுகிறது என்பது அச்செய்தி. குருவருளால் சீடன் குருவே ஆகிவிடுகிறான் என்பதற்குச் சமய நூலார் இதனை உவமையாகக் காட்டுவதும் உண்டு.

உவமை அழகியது, ஆனால் மண்கூட்டினுள் நடப்பது வேறு. குளவி கொட்டுவதனால் புழு செயலற்றுப் போகிறதே அன்றிச் சாவதில்லை. குளவி அக்கூட்டில் தன் முட்டையையும் இட்டுவைக்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் குளவிக் குஞ்சு, அந்தப் பச்சைப் புழுவை உணவாகத் தின்று வளர்ந்து, பின்னர்க் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே பறக்கிறது. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. இடையில் நிகழ்ந்ததைக் காணாதவர்கள், புழுவே குளவியாயிற்று என்று கருதியதில் வியப்பில்லை.

எல்லாக் குளவிகளும் மண்கூடு கட்டுவதில்லை. கூடு கட்டும் தொல்லையே வேண்டாம் என்று, பிற பூச்சிகளின் உடலினுள்ளோ முட்டையினுள்ளோ நேராகத் தம் முட்டையைச் செலுத்திவிடும் குளவிகள் ஆயிரக்கணக்கான இனங்களாக இருக்கின்றன. இவற்றை ஒட்டுண்ணிக் குளவிகள் என்கிறோம். இவற்றிற்கு உணவும் உறைவிடமும் தந்து, முடிவில் தன் உயிரையும் தந்துவிடுகிற பூச்சியை ஓம்புயிர் என்று சொல்வது வழக்கம். பேனும் உண்ணியும் கூட ஒட்டுண்ணிகளே. ஆயினும் அவை பொதுவாகத் தாம் ஒட்டிய உயிரைக் கொன்றுவிடுவதில்லை. ஒட்டுண்ணிக் குளவியோ முடிவில் தன் ஓம்புயிரைக் கொன்றுவிடுகிறது. அந்த ஓம்புயிர் உழவனின் பகையாக இருக்குமானால், குளவி உழவனின் நண்பனாகிவிடுகிறது.

இந்த நண்பர்களுள் ஒன்றன் பெயர் டிரைக்கோகிரம்மா. நெய்வேலி நகரியத்தில் வாழும் நாம் பெரியனவற்றைக் கண்டு பழகியவர்கள். நிலக்கரிச் சுரங்கத்தில், மாபெரும் சக்கரத்தில் வாளிகளைப் பூட்டிய எந்திரங்கள் மலைபோல் மண்ணை அள்ளிக் கொட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். டிரைக்கோகிரம்மாவோ அரை மில்லிமீட்டர் அளவே உள்ளது. ஒரு கேழ்வரகு மணியின்மேல் அது ஊர்ந்தாலும் நம் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. இத்தகைய சிற்றுயிரை மனிதன் கோடிக்கணக்கில் வளர்த்து வயலுக்கு அனுப்புகிறான். எவ்வாறு வளர்க்கிறான் என்பதையே இன்று காணப்போகிறோம்.

நம் நகரியத்தின் வேலியைக் கடந்து பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கமாகவோ, சேத்தியாத்தோப்புப் பக்கமாகவோ சென்றால் கரும்புத் தோட்டங்களைக் காணலாம். நெல்லிக்குப்பத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே பாரி நிறுவனத்தார் சர்க்கரை ஆலை நடத்தினர். கடலூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கரும்பு இப்பகுதிக்குப் பழகிய பயிர். கரும்பின் பகைவர்களும் இப்பகுதிக்குப் பழகியவர்களே.

அப்பகைவர்களுள் இருவரை மட்டும் இங்கே அறிமுகம் செய்துவைக்கிறேன். ஒன்று, இளங்குருத்துப் புழு. நட்ட சில வாரங்களிலேயே இது கரும்பின் இளந்தண்டைத் துளைத்து உட்புகும், நடுக்குருத்துக் காய்ந்துபோகும், பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். மற்றொன்று, இடைக்கணுப் புழு. கரும்பு கணுவிட்டு உயரும் நான்காம் மாத அளவில் தொடங்கி, வெட்டும் வரையில் இதன் தொல்லை நீடிக்கும். கணுவுக்குக் கணு துளையிட்டு, உள்ளிருக்கும் சாற்றுப் பகுதியைத் தின்றுவிடுவதால் கரும்பின் எடையும் குறையும், சர்க்கரையும் குறையும்.

இவ்விரு புழுக்களும் தண்டினுள் புகுந்து மறைந்துகொள்வன. வெளியிலே தெளிக்கும் மருந்து உள்ளிருக்கும் புழுவைச் சென்று சேர்வது அரிது. அதிலும், ஆள் உயரத்திற்கு மேல் வளர்ந்து அடர்ந்துவிட்ட கரும்பினுள் நுழைந்து மருந்து தெளிப்பதே பெரும்பாடு. எனவே பகைவன் கோட்டைக்குள் புகுவதற்கு முன்னரே அவனைத் தடுத்தாக வேண்டும். இடைக்கணுப் புழுவின் தாய்ப்பூச்சி, கரும்பின் தோகையில் கூட்டங்கூட்டமாக முட்டையிடுகிறது. அம்முட்டைகள் பொரிவதற்குச் சில நாட்களே ஆகும். அந்தச் சில நாட்களே உழவனுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தத் தெரிந்தது டிரைக்கோகிரம்மா.

பெண்குளவி முட்டையைக் கண்டதும் அதன்மேல் ஏறி நடக்கிறது. தன் உணர்கொம்புகளால் தட்டித் தட்டிப் பார்க்கிறது. அந்நடையே அதற்கு அளவுகோல். முட்டையின் பருமனை அறிந்து, எத்தனை குஞ்சுகளுக்கு அதில் உணவு போதும் என்று கணித்த பின்னரே, ஊசி போன்ற உறுப்பால் துளையிட்டுத் தன் முட்டையை உள்ளே செலுத்துகிறது. குளவிக் குஞ்சு, புழுவாக வேண்டிய கருவை உண்டு வளர்கிறது. மூன்று நான்கு நாட்களில் அம்முட்டை கறுத்துவிடும். முட்டையிட்டதிலிருந்து எட்டுப் பத்து நாட்களுக்குள், புழு வரவேண்டிய இடத்திலிருந்து குளவி வெளிவரும். இன்னொரு விந்தையும் உண்டு. ஆணோடு சேராத பெண்குளவியும் முட்டையிடும்; ஆனால் அம்முட்டைகளிலிருந்து ஆண்குளவிகள் மட்டுமே பிறக்கும். பெண்குளவிகள் தோன்றச் சேர்க்கை வேண்டும். புழுவின் முட்டையைத் தேடிச் செல்வது பெண்குளவியே ஆதலின், இச்செய்தி வளர்ப்போருக்கு மிகவும் முக்கியமானது.

‘இக்குளவி இயற்கையாகவே வயலில் இருக்கிறதே, பின் ஏன் வளர்க்க வேண்டும்?’ என்று நீங்கள் கேட்கலாம், நல்ல கேள்வி. இயற்கையில் பகை பெருகிய பிறகே அதனை உண்டு வாழும் நட்பு பெருகும். குளவிகள் போதிய அளவு பெருகி வருவதற்குள் கரும்பு துளைபட்டுவிடும். ஆகவே பகை பெருகும் முன்னரே குளவிகளை ஏராளமாக வயலில் கொண்டுபோய் விடவேண்டும். அதற்கு அவற்றை வேறிடத்தில் வளர்த்தாக வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. குளவியை வளர்க்க முட்டை வேண்டும். இடைக்கணுப் புழுவின் முட்டையிலேயே வளர்க்கலாம் என்றால், முதலில் இடைக்கணுப் புழுவை இலட்சக்கணக்கில் வளர்க்க வேண்டும். அதற்குக் கரும்பு வேண்டும். நாள்தோறும் புதிய தண்டு நறுக்கி வைக்க வேண்டும். புழுவோ தண்டினுள் மறைந்து வாழ்வது. செலவு மிகுதி, ஆள்வேலை மிகுதி, தப்பிய பூச்சி அடுத்த தோட்டத்திற்கே பகையாகும். பாம்பைப் பிடிக்கக் கீரி வேண்டும் என்பதற்காக, ஊர் நடுவே பாம்புப் பண்ணை வைப்பதை ஒக்கும் இது.

இச்சிக்கலைத் தீர்த்த வழியே மாற்று ஓம்புயிர். டிரைக்கோகிரம்மா ஒரே பூச்சியின் முட்டையை மட்டும் நாடுவதன்று. பலவகை அந்துப்பூச்சிகளின் முட்டைகளையும் ஏற்றுக்கொள்ளும். அவ்வாறாயின், எளிதில் வளர்க்கக்கூடிய வேறோர் அந்துப்பூச்சியின் முட்டையை அதற்குக் கொடுத்தால் என்ன? அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஸ்டான்லி ஃபிளாண்டர்ஸ் என்னும் அறிஞர், 1920களின் பிற்பகுதியில், தானியக் கிடங்குகளில் வாழும் நெல் அந்துப்பூச்சியின் முட்டைகளில் இக்குளவியைப் பெருமளவில் வளர்த்துக் காட்டினார். அதன்பின் ஒவ்வொரு நாடும் தனக்கு எளிதாகக் கிடைப்பதைத் தேர்ந்துகொண்டது. ஐரோப்பாவில் மாவு அந்துப்பூச்சியின் முட்டையைப் பயன்படுத்துகின்றனர். பட்டுக்குப் பெயர்போன சீனத்திலோ ஒருவகைக் காட்டுப் பட்டுப்பூச்சியின் முட்டையைப் பயன்படுத்துகின்றனர். அது பெரிய முட்டை ஆதலின், ஒரே முட்டையிலிருந்து பல பத்துக் குளவிகள் வெளிவரும்.

நம் நாடு தேர்ந்துகொண்டது அரிசி அந்துப்பூச்சி. அறிவியலார் இதனைக் கார்சைரா என்பர். நீங்களும் இதனைக் கண்டிருப்பீர்கள். நெடுநாள் வைத்த அரிசியிலோ கம்பிலோ, மணிகள் நூலாம்படையால் பிணைந்து கட்டிகட்டியாக இருப்பதைக் கண்டு அன்னையார் முகம் சுளித்திருப்பார் அல்லவா? அது இப்புழுவின் வேலையாக இருக்கக்கூடும். வீட்டிலே வேண்டாத பொருள். குளவிப் பண்ணைக்கோ அதுவே மூலதனம். அதன் தகுதிகளை எண்ணிப் பாருங்கள். மலிவான தானியத்தில் வளரும். ஆண்டு முழுவதும் பெருகும். அதன் முட்டையைக் குளவி விரும்பி ஏற்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, தப்பித் தவறி ஒன்றிரண்டு வயலுக்குச் சென்றாலும், அதனால் கரும்பைத் துளைத்து வாழ இயலாது. மாற்று ஓம்புயிரைத் தேர்வதற்கு வேண்டிய இலக்கணம் முழுவதும் இதில் அமைந்திருக்கிறது.

வளர்க்கும் முறையைச் சொல்கிறேன். அகன்ற தட்டு ஒன்றில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ கம்பை எடுத்துக்கொள்வார்கள். கம்பு ஒன்றிரண்டாக உடைக்கப்பட்டதாக இருக்கும். அதிலுள்ள வேறு பூச்சிகளும் அவற்றின் முட்டைகளும் மடியும்படி முன்னரே சூடு காட்டப்பட்டிருக்கும். அதனுடன் 100 கிராம் நிலக்கடலைப் பொடியும் சிறிது ஈஸ்ட்டும் சேர்ப்பர். செதில் சிலந்திகள் தோன்றாதிருக்கக் கொஞ்சம் கந்தகப் பொடியும், நுண்கிருமிகள் அண்டாதிருக்கச் சிறிது மருந்தும் கலப்பர். பின்னர் அரை கன செண்டிமீட்டர் அந்துப்பூச்சி முட்டையை அதன்மேல் தூவி, தட்டைக் காடாத் துணியால் இறுகக் கட்டிவிடுவர். புழுக்கள் கம்பைத் தின்று, நூல் பின்னி, கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ நாற்பது நாட்களில் அந்துப்பூச்சிகளாக வெளிவரத் தொடங்கும். அவற்றை நாள்தோறும் பிடித்து, அடியில் கம்பிவலை பொருத்திய கலத்தில் அடைப்பர். அவை இடும் முட்டைகள் வலையின் வழியே கீழே உதிரும். அவற்றைச் சலித்து, செதிலும் காலும் சிறகும் நீக்கித் தூய்மை செய்தால் வெண்ணிற முட்டை கிடைக்கும்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கன செண்டிமீட்டர் அளவில், அதாவது ஏறத்தாழ ஒரு சுண்டுவிரல் நுனியளவில், 16,000 முதல் 20,000 வரை முட்டைகள் இருக்கும். ஓர் அந்துப்பூச்சி நூறு முதல் இருநூறு முட்டை வரை இடும். எனவே ஒரு கன செண்டிமீட்டர் முட்டைக்கு நூறு தாய்ப்பூச்சிகளுக்கு மேலும் தேவைப்படலாம். கரும்புக்கு ஓர் ஏக்கருக்கு ஒரு முறைக்கு ஒரு கன செண்டிமீட்டர் வீதம், நான்காம் மாதத்திலிருந்து பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையாக ஆறு முறை குளவி விடவேண்டும் என்பது இடைக்கணுப் புழுவுக்கான பரிந்துரை. ஆக, ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முட்டை. ஒரு சிற்றூரில் நூறு ஏக்கர் கரும்பு இருந்தால் ஒரு கோடி முட்டை! இத்தனையையும் கரும்பைத் துளைக்கும் புழுவிடமிருந்தே பெறுவது நடவாத காரியம் என்பது இப்போது விளங்கும்.

தூய்மை செய்த முட்டைகளை, பிசின் தடவிய அட்டையின்மேல் சீராகத் தூவி ஒட்டுவர். ஒட்டிய பிறகு அட்டையைச் சில நிமிடங்கள் புற ஊதாக் கதிர் விளக்கின் கீழ் வைப்பர். எதற்காக? குளவி தொடாமல் விட்டுவிட்ட முட்டைகளும் அட்டையில் சில இருக்கும். அவை பொரிந்தால், அந்தப் புழுக்கள் பக்கத்திலுள்ள முட்டைகளைக் குளவிக் குஞ்சோடு சேர்த்துத் தின்றுவிடும். புற ஊதாக் கதிர் முட்டையினுள் இருக்கும் கருவைக் கொன்றுவிடுகிறது. ஆனால் உள்ளிருக்கும் உணவு கெடுவதில்லை. குளவிக்கு வேண்டியது அவ்வுணவே. பின்னர், குளவி வெளிவரும் நிலையிலுள்ள தாய் அட்டை ஒரு பங்கும், புதிய முட்டை அட்டை ஆறு பங்குமாகச் சேர்த்து ஒரு பையில் அடைப்பர். குளவிகள் வெளிவந்து புதிய முட்டைகளில் தம் முட்டையை இடும். மூன்று நான்கு நாட்களில் வெள்ளை அட்டை கறுப்பு அட்டையாகிவிடும். உழவர் கைக்கு வருவது இந்தக் கறுப்பு அட்டையே. உடனே தேவைப்படாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் சில நாட்கள் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வைத்தால் குளவி வலிவிழக்கும்.

எளிமையாகத் தோன்றும் இத்தொழிலிலும் இடர்கள் உண்டு. அவற்றுள் ஒன்று நகைப்புக்கு இடந்தருவது. பிராக்கான் என்று வேறோர் ஒட்டுண்ணிக் குளவி இருக்கிறது. அது தென்னையின் கருந்தலைப் புழுவைக் கொட்டி அழிப்பது. தென்னந்தோப்புக்கு அது நண்பன். அதே குளவி இந்த வளர்ப்புக் கூடத்தில் புகுந்துவிட்டால், கம்பில் வளரும் அந்துப்பூச்சிப் புழுக்களைக் கொட்டிக் கொன்று, தட்டுத் தட்டாகப் பாழாக்கிவிடும். தோப்பில் நண்பன், கூடத்தில் பகைவன். பூச்சியினம் நன்மை தீமை என்னும் முத்திரையோடு பிறப்பதில்லை. இடமும் காலமுமே அதற்கு அப்பெயரைத் தருகின்றன. இன்னோர் இடர் நகைப்புக்குரியதன்று. அந்துப்பூச்சியின் சிறகிலிருந்து உதிரும் செதில்கள் காற்றில் மிதந்து, அங்கே வேலை செய்வோரின் மூச்சில் கலக்கின்றன. நாளடைவில் தும்மலும் இழுப்பும் வருவதுண்டு. ஆதலின் முகத்தை மூடிக்கொண்டு, காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்தல் வேண்டும். நம் வயலைக் காக்கும் குளவியை வளர்ப்பவரின் நுரையீரலையும் நாம் காக்க வேண்டாமா?

எல்லாவற்றினும் பெரிய இடர் கண்ணுக்குத் தெரியாதது. கூடத்தில் வளரும் குளவிக்கு வெயில் இல்லை, மழை இல்லை, காற்று இல்லை, தேடல் இல்லை. முட்டை அதன் காலடியிலேயே கிடக்கிறது. ஓர் ஆண்டில் முப்பது தலைமுறைக்கு மேல் இப்படியே கழியும். தேடத் தெரியாத குளவியும் அங்கே பிழைத்துக்கொள்ளும். பறக்க வலுவில்லாததும் பிழைத்துக்கொள்ளும். அத்தகைய குளவியை அட்டையில் கட்டிக் கரும்புத் தோகையில் விட்டால், அடுத்த தோகையிலுள்ள முட்டையைத் தேடிச் செல்ல அதனால் இயலாமற் போகலாம். எண்ணிக்கை இருக்கும், பயன் இராது. எனவே நன்கு நடத்தப்படும் கூடங்களில் அவ்வப்போது வயலிலிருந்து புதிய குளவிகளைப் பிடித்துவந்து வளர்ப்பில் சேர்ப்பார்கள். அல்லது உண்மைப் பகையின் முட்டையில் சில தலைமுறை வளர்த்துப் பழக்குவார்கள். வெளிவந்த குளவிகளில் பெண் எத்தனை, சிறகு கோணாதவை எத்தனை என்று எண்ணிப் பார்ப்பார்கள். மாற்று ஓம்புயிர் எண்ணிக்கையைத் தருகிறது. ஆற்றலைக் காப்பது வளர்ப்பவரின் விழிப்பே. இதனை மறந்த கூடத்திலிருந்து உழவர் பெறுவது வெறும் அட்டையே.

உழவர் பங்கும் இதில் உண்டு. அட்டையைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, தோட்டம் முழுவதும் பரவலாக, தோகையின் அடிப்புறத்தில் கட்ட வேண்டும். இக்குளவி சில மீட்டர் தொலைவுக்கு மேல் செல்லாது. ஒரே மூலையில் கட்டிவைத்தால் மறுமூலைக்குக் காவல் இராது. குளவி வெளிவருவதற்கு முன்னரே, காலையிலோ மாலையிலோ கட்டிவிட வேண்டும். காலந்தாழ்த்தினால் குளவிகள் பைக்குள்ளேயே பிறந்து மடியும். கடும்மழையும் எறும்பும் அட்டைக்குப் பகை. பூச்சிக்கொல்லி தெளித்த வயலில் அட்டை கட்டுவதும், கட்டிய வாரத்திலேயே தெளிப்பதும் வீண். ஒரு கையால் விருந்து வைத்து மறுகையால் நஞ்சு வைப்பதாகிவிடும் அது. அட்டை ஒன்றைக் கட்டிவிட்டோம், பகை ஒழிந்தது என்று இருந்துவிடலும் ஆகாது. காய்ந்த தோகையை உரித்தல், நோயற்ற கரணையை நடுதல் முதலிய பிற முறைகளும் துணை நின்றால்தான் குளவியின் உழைப்பு முழுப் பயன் தரும்.

எல்லாக் குளவிகளும் மாற்று ஓம்புயிரை ஏற்குமா என்றால், ஏற்பதில்லை. 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி என்னும் அயல்நாட்டுப் பூச்சி காணப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி முதலிய பயிர்கள் அதனால் பெருஞ்சேதம் அடைந்தன. இங்கே அதனைப் போதிய அளவு அடக்கவல்ல இயற்கைப் பகைவர் இல்லை. 2010ஆம் ஆண்டில் பெங்களூரிலுள்ள தேசிய நிறுவனத்தின் வழியாகப் போர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டன. அவற்றுள் சிறப்பாகப் பணியாற்றியது அசிரோஃபேகஸ் என்னும் குளவி. அது மாவுப்பூச்சியை அன்றி அந்துப்பூச்சி முட்டையை ஏற்கக்கூடியதன்று. ஆகவே அங்கே மாற்றியது ஓம்புயிரை அன்று, ஓம்புயிரின் உணவை. பப்பாளிச் செடிக்குப் பதிலாக, முளைவிட்ட உருளைக்கிழங்கின்மேல் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் குளவியைப் பெருக்கினார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அக்குளவிகளைப் பெருக்கி மாவட்டந்தோறும் வழங்கிற்று. சில மாதங்களில் மாவுப்பூச்சியின் கொட்டம் அடங்கியது. வழி வேறு; கொள்கை ஒன்றே. இயற்கையில் நீண்டு கிடக்கும் ஒரு சங்கிலியில், விலையுயர்ந்த ஒரு கண்ணியைக் கழற்றிவிட்டு, எளிதில் கிடைக்கும் வேறொரு கண்ணியைப் பொருத்துவதே அக்கொள்கை.

மாணவர்களே! இதனை நூலில் படிப்பதோடு நில்லாமல் கண்ணாலும் காணுங்கள். கரும்புத் தோட்டம் உடைய நண்பர் உங்கள் வகுப்பில் இருப்பார். அவர் இசைவோடு தோட்டத்திற்குச் சென்று, தோகையில் வரிசையாக ஒட்டியிருக்கும் முட்டைக் கூட்டங்களைத் தேடுங்கள். வெண்மையாக இருப்பவற்றையும் கறுத்திருப்பவற்றையும் தனித்தனியே எண்ணுங்கள். கறுத்த முட்டையுள்ள தோகைத் துண்டு ஒன்றை, பஞ்சடைத்த கண்ணாடிக் குழாயில் இட்டு, நாள்தோறும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். தூசு ஒன்று நடப்பது போல் தோன்றினால், அதுவே நீங்கள் தேடிய குளவி. பார்த்த பின் குழாயை அதே தோட்டத்திற்கு எடுத்துச் சென்று திறந்துவிடுங்கள். உங்கள் எண்ணிக்கையை அந்த உழவரிடமும் சொல்லுங்கள். எத்தனை முட்டை கறுத்திருக்கிறது என்பதை அறிந்த உழவர், மருந்துத் தெளிப்பானைத் தோளில் ஏற்றும் முன் ஒருமுறை சிந்திப்பார். அவர் சிந்திக்கும் அந்த ஒரு பொழுதில் ஆயிரக்கணக்கான குளவிகள் பிழைக்கும்.